அமெரிக்கத் துருவும் அத்தானின் மூன்று பூச்சும்

அதிகம் படித்தவர்கள் ஓர் உதவி கேட்கப் போனால், கேட்க வேண்டிய அந்த ஒன்றைத் தவிர உலகத்திலுள்ள மற்ற எல்லாவற்றையும் விளக்கிவிட்டு வருவார்கள். நான் சமூகவியல் படித்தவள். ஆகவே இந்தக் குறை எனக்குச் சான்றிதழோடு வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பட்டத்தோடு ஜெர்மனியில் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்தபோது, எந்த வேலையும் என்னை வாசலில் நின்று வரவேற்கவில்லை. பகலில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் உடைந்த பிஸ்கட்டுகளைப் பொறுக்கிப் பிரித்தேன். மாலையில் வசந்தி அக்கா வீட்டுச் சோபாவில் சாய்ந்தபடி நவீன சமூகத்தின் போக்கை நினைத்துக் கவலைப்பட்டேன். (இரவில் அதே சோபாதான் கட்டில். சமூகத்தின் போக்கு முதுகு வலியாக வந்து சேர்ந்தது.) அக்காவும் அத்தானும் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் பெரிய பாரம். முகம் சுளித்திருந்தால் கோபித்துக்கொண்டு எங்கேயாவது போயிருக்கலாம்.

இந்த நிலையில்தான் அந்தச் சங்கம் என் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரை வரை ஓடிய அறுபத்தாறாம் இலக்க நெடுஞ்சாலையை நேசிக்கும் ஜெர்மானியர்களின் சங்கம் அது. அகலமான புதிய சாலைகள் வந்ததும் அந்த நெடுஞ்சாலை கைவிடப்பட்டது. அதன் ஓரத்துப் பெட்ரோல் நிலையங்களும் சாப்பாட்டுக் கடைகளும் விடுதிகளும் ஒவ்வொன்றாக இடிந்துகொண்டிருந்தன. எஞ்சியதைக் காப்பாற்ற அங்கே மிசூரியிலும் அரிசோனாவிலும் சிலர் போராடிக்கொண்டிருக்க, இங்கே எங்கள் தொழிற்பேட்டையில், பழைய லொறி திருத்தும் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, வாரக் கடைசிகளில் இவர்கள் அவர்களுக்காக ஏங்கினார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, எங்கேயோ இருக்கும் ஒரு தெருவை நினைத்து இங்கேயிருந்து ஏங்குவது நாட்டில் சண்டை என்று ஓடிவந்த எங்கள் ஆட்களுக்கு மட்டும் உரிய வியாதி அன்று என்று தெரிந்ததில் ஒரு நிம்மதியும் வந்தது.

சங்கத் தலைவர் ஹெர் விட்காம்ப், காப்புறுதி நிறுவனமொன்றில் ஓய்வு பெற்றவர். கவ்பாய் சப்பாத்து அணிவார். ஆனால் அந்தச் சப்பாத்தோடு, வண்டியே வராத தெருவிலும் பச்சை விளக்கு எரியும்வரை நிற்பார். அவர் என்னிடம் சொன்னார்: "எங்கள் ஊரில் குண்டு விழுந்தது. பிறகு எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினோம். மிகச் சுத்தமாக, மிக வேகமாக. அதனால் பழையதாகவே நிற்கும் எதையாவது பார்த்தால் எனக்குத் தொட்டுப் பார்க்காமல் போக முடிவதில்லை."

சங்கத்துக்கு ஓர் அரைநேர உத்தியோகத்தர் தேவைப்பட்டார். அந்தக் கொட்டகையில் திறக்கவிருந்த கண்காட்சிக்கு விளக்கப் பலகை எழுதவும், பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டவும். நகரசபையின் கலாசாரப் பிரிவு சம்பளம் தரச் சம்மதித்திருந்தது. ஒரேயொரு நிபந்தனை: திறப்பு விழாவுக்கு அவர்களுடைய அதிகாரி வருவார், அவர் திருப்திப்பட்டால் வேலை. அதுவரை நான் சம்பளமில்லாத பரீட்சார்த்தி. என் படிப்புக்கு ஏற்ற வேலை என்று ஜெர்மனியில் அதுவரை என் முன்னால் நீண்ட ஒரே கை அது. அக்கா அதற்காகப் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தாள். அத்தான் தன் பங்குக்குச் சோபாவுக்கு ஒரு புது மெத்தை வாங்கிப் போட்டார். (வேலை கிடைக்காது என்ற முன்யோசனையோ என்று அன்று சந்தேகப்பட்டேன்.)

கண்காட்சியின் நாயகன் ஒரு தகரப் பலகை. மிசூரியில் ஒரு சின்ன விடுதியின் வாசலில் நாற்பது வருடம் நின்ற விளம்பரப் பலகை. ஆளுயரத்துக்கு மேல், அம்புக்குறி வடிவம். நிறம் எதுவென்று சொல்ல முடியாதபடி வெளிறி, ஓரங்களில் துரு ஏறி, நடுவில் மூன்று துப்பாக்கிச் சூட்டுத் துளைகளோடு கப்பலில் வந்து இறங்கியிருந்தது. விடுதியின் சொந்தக்காரி திருமதி ஹேலி அதை இரவலாகத்தான் தந்திருந்தார். திறப்பு விழாவுக்கு அவரும் வரப்போகிறார்.

நான் அந்தத் துருவைக் காதலித்தேன் என்று சொன்னால் மிகையில்லை. அதற்கென்று நான்கு விளக்கப் பலகைகள் எழுதினேன். "துரு பொய் சொல்வதில்லை" என்று முதலாவது தொடங்கும். இரண்டாவது, ஓரத்துத் துருவை ஆலங்கட்டி மழையோடும் பண்ணைகளின் வீழ்ச்சியோடும் தொடர்புபடுத்தியது. மூன்றாவது முழுவதும் சூட்டுத் துளைகளுக்கு. கைவிடப்பட்ட சாலையில் வேலையற்ற இளைஞர்களின் விரக்தி எப்படித் தகரத்தில் துளையாகப் பதிவாகிறது என்று எழுதியிருந்தேன். அந்த இளைஞர்களை நான் கண்டதில்லை. விரக்தி மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

விழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. கொட்டகைக் கூரை ஒழுகியது. ஹெர் விட்காம்ப் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மைதிலி, புதுத் துரு பிடித்துவிடும்!"

புதுத் துரு பழைய துருவைக் கெடுத்துவிடும் என்பது அவருடைய அச்சம். ஒரு துருவை இன்னொரு துருவிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பது அந்த அறையில் இருந்த எவருக்கும் விசித்திரமாகப் படவில்லை. எனக்கோ கொஞ்சமும் படவில்லை. நகரத்திலேயே ஈரம் அண்டாத இடம் எது என்று யோசித்தேன். விடை உடனே கிடைத்தது. அத்தான் வேலை செய்யும் கார்ப் பெயின்ற் பட்டறை. அங்கே பூச்சு காய்வதற்காக இரவும் பகலும் வெப்பம் வைத்திருப்பார்கள். பட்டறை முதலாளியும் சம்மதித்து, வாரக் கடைசிக்குப் பூட்டையும் திறப்பையும் அத்தானிடமே விட்டுவிட்டார்.

(இந்த இடத்தில் வாசகர் ஒருமுறை பெருமூச்சு விடலாம். துருப்பிடித்த அரும்பொருள் ஒன்றை, துருவை ஒழிப்பதற்கென்றே கட்டிய கட்டடத்தில், துருவை ஒழிப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதரிடம் ஒப்படைத்தேன். பட்டதாரி.)

சும்மா ஒப்படைக்கவுமில்லை. அன்று பின்னேரம் பட்டறையில் அத்தானையும், தேத்தண்ணிப் போத்தலோடு வந்த அக்காவையும் நிற்க வைத்து விளக்கினேன். பண்பாட்டு நினைவு என்றால் என்ன, பொருள்களின் சாட்சியம் என்றால் என்ன, அமெரிக்க மேற்கின் பொருளாதாரம் எப்படிச் சரிந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் பலகையைச் சுற்றி வந்தார். துளையில் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது வெடி பட்டதெல்லே?"

"ஓம் அத்தான். அதுதான் முக்கியம்."

"நாளையிண்டைக்கு உந்த மனிசி அமெரிக்காவிலயிருந்து உதைப் பார்க்கவோ வாறா?"

"ஓம். நகரசபையிலயிருந்தும் வருவினம். என்ர வேலையே உதிலதான் தங்கியிருக்கு. பத்திரமாய்ப் பாருங்கோ."

"நீ ஒண்டுக்கும் யோசிக்காதை பிள்ளை. நான் பாக்கிறன்."

அக்கா பலகையைப் பார்த்து, "பாவம், ஒரு கவனிப்பும் இல்லாமல் கிடந்திருக்குது," என்றாள். அவளுக்குள்ளும் பண்பாட்டு நினைவு விழித்துக்கொண்டது என்று நினைத்து, நான் மன நிறைவோடு வீட்டுக்குப் போய் என் உரையை எழுதத் தொடங்கினேன். 'தொட வேண்டாம்' என்ற இரண்டு சொற்களைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன்.

சனிக்கிழமை முழுவதும் அத்தானைக் காணவில்லை. "பட்டறையில கொஞ்ச வேலை," என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல். மத்தியானம் அவருக்குச் சோறு கட்டிக்கொண்டு போனவள் திரும்பி வந்தபோது, அவளுடைய முழங்கையில் மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. கேட்டேன். "கறி பட்டது," என்றாள். நம்பினேன். உரையின் மூன்றாம் பந்தியில் 'நேர்மை' என்ற சொல்லை எங்கே வைப்பது என்ற சிக்கலில் இருந்தேன்.

ஞாயிறு காலை பட்டறை வாகனம் கொட்டகைக்கு வந்தது. பலகை ஒரு பெரிய வெள்ளைத் துணியால் மூடிக் கட்டப்பட்டிருந்தது. நான் துணியைத் தூக்கப் போனேன். அத்தான் என் கையைத் தட்டிவிட்டார்.

"இப்ப பாக்கப்படாது. திரை விலகேக்கை எல்லாரோடையும் பார்."

அவர் வேட்டி கட்டாதது ஒன்றுதான் குறை. முகம் கோவில் கொடியேற்றத்தன்று இருப்பது போல இருந்தது. அக்கா காஞ்சிபுரம் சேலையில் வந்திருந்தாள். கையில் ஒரு சின்னப் பை. அதற்குள் என்ன என்று கேட்க எனக்கு நேரமிருக்கவில்லை.

சனம் சேர்ந்தது. சங்கத்து ஆட்கள் தோல் அங்கியில். நகரசபை அதிகாரி சாம்பல் நிறக் கோட்டில். முன் வரிசையில் திருமதி ஹேலி. மெலிந்த, உயரமான, எழுபது கடந்த பெண்மணி. கைப்பையை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்திருந்தார்.

நான் பேசினேன். துருவைப் பற்றிப் பேசினேன். "இந்தத் திரைக்குப் பின்னால் இருப்பது ஒரு முதிய முகம், அதன் சுருக்கங்களை நாம் அழிக்கத் துணியவில்லை," என்றேன். "அதன் காயங்களை மூடாமல் விட்ட துணிவுதான் நம் காலத்தின் நேர்மை," என்றேன். (நேர்மைக்கு அங்கேதான் இடம் கிடைத்தது.) ஹெர் விட்காம்ப் கண்ணைத் துடைத்தார். அதிகாரி தலையசைத்தார். அரைநேர வேலை என் கையில் வந்து உட்கார்ந்ததை நான் உணர்ந்தேன். கடைசி வாக்கியத்தோடு கயிற்றை இழுத்தேன்.

துணி விழுந்தது.

மாம்பழ மஞ்சள். அரக்குச் சிவப்பு. மயில் நீலத்தில் ஒரு கரை. எழுத்துகளுக்குப் பொன்னிறம். பலகை முழுவதும் அப்போதுதான் எண்ணெய் பூசிக் குளிப்பாட்டியது போல மினுங்கியது. கூரை விளக்குகள் அதில் முகம் பார்த்தன. அம்பின் கூர் முனையில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். துருவைக் காணவில்லை. துளைகளைக் காணவில்லை. பக்கத்தில் என் விளக்கப் பலகை மட்டும், "உற்றுப் பாருங்கள்: துரு பொய் சொல்வதில்லை" என்று வந்தோரை வற்புறுத்திக்கொண்டிருந்தது. சிலர் கீழ்ப்படிந்து உற்றுப் பார்த்தார்கள்.

அந்த வண்ணங்களை நான் அறிவேன். முந்தின மாதம் எங்கள் கோவிலுக்குக் குடமுழுக்கு. எங்கள் கோவில் என்பது அதே தொழிற்பேட்டையில் இன்னொரு கொட்டகை; முகப்பில் பலகையால் ஒரு கோபுரம். அதற்கு வண்ணம் அடித்தவர் அத்தான்தான். பழைய கோபுரத்தைக் காப்பாற்றுவது என்றால் எங்களுக்குத் தெரிந்த ஒரே முறை, பழையதைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து, முன்னதை விட இரண்டு மடங்கு பளிச்சென்று பூசுவது. விருந்தாளி வருகிறார் என்றால் இன்னும் கொஞ்சம் கூட.

முதலில் அசைந்தவள் அக்கா. எழுந்து, பையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, வாகனப் பூசையில் வைப்பது போலப் பலகையின் அடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

ஹெர் விட்காம்ப் மெதுவாக நடந்து போனார். துரு இருந்த ஓரத்தைக் கையால் தடவினார். வழுவழு என்றிருந்தது. தடவிய கையை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சத்தமே இல்லாமல் கேட்டார்: "யார்?"

படித்தவள் என்பதால் விளைவுகளை வேகமாகக் கணக்குப் போட்டேன். உண்மையைச் சொன்னால் இந்த ஆள் நாளைக் காலை பட்டறை முதலாளிக்குத் தொலைபேசி எடுப்பார். வாரக் கடைசியில் முதலாளியின் பூச்சை எடுத்து அமெரிக்கச் சொத்தில் அடித்ததற்கு அத்தானின் வேலை போகும். சொல்லாவிட்டால் என் வேலை போகும். அதுதான் எப்படியும் போய்விட்டதே.

"நான்தான் பூசச் சொன்னேன்," என்றேன்.

"நைன்! இல்லை!" பின்வரிசையிலிருந்து அத்தான் எழுந்தார். ஜெர்மன் மொழியில் உரக்கச் சொன்னார்: "அவவுக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் செய்தேன்."

"அத்தான், இருங்கோ."

"நீ சும்மா இரு. ஏன் பொய் சொல்லுறாய்? வடிவில்லையோ?"

"வடிவு. அதுதான் பிரச்சினை. அந்தத் துருவைத்தான் இவை காட்சிக்கு வைச்சவை."

அத்தான் நம்பவில்லை. "துருவையோ?"

"துருவையும் ஓட்டையையும்."

அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேலி இல்லை, உண்மையாகவே விளங்கவில்லை. "வெடி பட்ட ஓட்டையை ஆரும் ஆக்களுக்குக் காட்டுவினமே? நாங்கள் ஊரில எங்கட வீட்டுச் சுவரில பட்டதை அடுத்த நாளே பூசினனாங்கள், மைதிலி. பிள்ளையள் பார்க்கக்கூடாது எண்டு."

என்னிடம் அதற்கு விளக்கப் பலகை இருக்கவில்லை.

நாங்கள் தமிழில் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்த அதிகாரி, தன் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். அப்போது திருமதி ஹேலி எழுந்தார். அவர் பலகைக்குக் கிட்டப் போய், ஒரு குறிப்பிட்ட இடத்தை விரலால் தேடினார். அடைத்த துளை விரலுக்குச் சிக்கவில்லை.

"மூன்று இருந்தனவே," என்றார் ஆங்கிலத்தில்.

நான் மன்னிப்புக் கேட்டு, ஏதோ பழக்கத்தில், வேலையற்ற இளைஞர்களின் விரக்தியைப் பற்றித் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எந்த இளைஞர்? முதலாவதைச் சுட்டவர் என் கணவர். வாசலில் துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வெடித்துவிட்டது. விடுதி நிறைய ஆட்கள். வெட்கம் தாங்காமல், யாரோ வெளியார் செய்தது போல இருக்கட்டும் என்று மற்ற இரண்டையும் அவரே சுட்டார்."

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அவர் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வசந்தத்திலும் இதற்குப் பூச்சு அடிப்பார். அவர் போன பிறகு என்னால் ஏணியில் ஏற முடியவில்லை. பிறகு இங்கிருந்து ஆட்கள் வந்து, அப்படியே விடுங்கள், மிக அழகு என்றார்கள். நான் விட்டுவிட்டேன்." அத்தானின் பக்கம் திரும்பினார். "எத்தனை பூச்சு?"

நான் மொழிபெயர்த்தேன். அத்தான் தயங்கி, "மூண்டு. அடியில துரு பிடியாத பூச்சு வேறை," என்றார்.

"ஆலங்கட்டி மழை தாங்குமா?"

"மெர்சிடிஸ் தாங்குதெண்டால் இது தாங்காதோ எண்டு கேள்," என்றார் அத்தான். அதை மட்டும் சற்று மரியாதையாக மொழிபெயர்த்தேன்.

இங்கே எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதலாம். முடியவில்லை. சொந்தக்காரி மகிழ்ந்ததால் பட்டறைக்கு எந்த முறைப்பாடும் போகவில்லை; அத்தானின் வேலை தப்பியது. ஆனால் கண்காட்சிக்கு நாயகன் இல்லை. நகரசபை அதிகாரி என்னுடன் கை குலுக்கி, "மிகவும் வண்ணமயமான நிகழ்ச்சி," என்றார். அதற்கு என்ன பொருள் என்று அடுத்த வாரம் தெரிந்தது. வேலை இல்லை. ஹெர் விட்காம்ப் என்னை ஏசவில்லை. என்னுடைய நான்கு விளக்கப் பலகைகளையும் கவனமாகச் சுற்றி, வீட்டுக்குக் கொண்டுபோகும்படி தந்தார். "இவை நன்றாக எழுதப்பட்டவை," என்றார். ஏசியிருக்கலாம்.

விழா முடிந்து அன்று மாலை வாகனத்தில் வீடு வந்து சேர்ந்தோம். வீட்டு வாசலில் அத்தான் மெதுவாகக் கேட்டார்: "உன்ர வேலையை நானெல்லோ தின்னுட்டன்?"

"இல்லை அத்தான். நீங்கள் என்ர வேலைக்குப் பெயின்ற் அடிச்சனீங்கள்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிரவு அக்கா எனக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்தாள். நான் மறுபடியும் உடைந்த பிஸ்கட்டுகளிடம் போனேன். அகதிகள் ஆலோசனை நிலையமொன்றில் எனக்கு ஒழுங்கான வேலை கிடைக்க இன்னும் இரண்டு குளிர்காலம் பிடித்தது. அதுவரை அந்தப் புது மெத்தை உதவியது.

சில வருடங்களுக்குப் பிறகு ஹெர் விட்காம்ப், வாழ்நாள் கனவாக அந்த நெடுஞ்சாலையைப் பார்க்கப் போனார். அங்கிருந்து எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. அட்டைப் படத்தில் பாலைநிலமோ பழைய பெட்ரோல் நிலையமோ இல்லை. மாம்பழ மஞ்சளும் அரக்குச் சிவப்புமாய், மயில் நீலக் கரையோடு, எங்கள் கோபுரத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் போல, மிசூரிக்குத் திரும்பிப்போன அந்தப் பலகை நீல வானத்தின் கீழ் நின்றது. பழைய நெடுஞ்சாலையின் சின்னமாக அதைத்தான் இப்போது அச்சடித்து விற்கிறார்களாம். பின்புறம் அவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "எல்லாரும் இதன் முன்னால் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன்."

அத்தான் அதைச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களின் வரிசையில் கடைசியாக மாட்டினார். அக்கா வெள்ளிக்கிழமைகளில் மற்றவற்றுக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் வைக்கிறாள்.

எனக்கு மிஞ்சியது ஒரு பெயர். அக்காவின் பிள்ளைகள் என்னை இன்றும் 'துருச் சித்தி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஏன் என்று தெரியாது. அதுதான் என் பெயர் என்று நினைக்கிறார்கள். குடும்பத்தில் எந்த விசேஷத்திலும் நான் பேச எழுந்தால், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "அத்தான், திரையைப் பிடியுங்கோ!" போன மாதம் என் அறுபதாவது பிறந்த நாள். தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன். நரையும் ஒரு சாட்சியம்தானே என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எழுபது கடந்த அத்தான் கதிரையில் சாய்ந்தபடி என் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"தொடேல்லை, பிள்ளை," என்றார். "இந்த முறை கேட்டுப்போட்டுத்தான் தொடுவன்."